மாண்டிசோரி எண், எழுத்துக் கருவிகள்

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் தொட்டும் அடுக்கியும் எண்ணையும் எழுத்தொலியையும் பழகுவதற்காக வகுப்பறையில் வைக்கப்படும் பொருள்களே மாண்டிசோரி எண், எழுத்துக் கருவிகள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952), ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகப் பிரெஞ்சு மருத்துவர்கள் இடார், செகான் ஆகியோர் வகுத்த பயிற்சிகளே அவருக்கு அடிப்படை.

எழுத்துக்கு முன் ஒலி விளையாட்டு. பாயில் சில பொருள்களைப் பரப்பி, “‘ப்’ ஒலியில் தொடங்குவதை எடு” என்பார் ஆசிரியர். குழந்தை பந்தையோ பல்லாங்குழியையோ எடுக்கும். அடுத்து உப்புத்தாள் எழுத்துகள்: பலகையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தை ஆட்காட்டி விரலாலும் நடுவிரலாலும் எழுதும் போக்கிலேயே தடவி, அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். “இது ‘ம்’”, “‘ம்’ எது?”, “இது என்ன?” என மூன்று படிகள். கடைசிப் படியில் குழந்தை தடுமாறினால் “தப்பு” என்று சொல்வதில்லை; பாடம் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகும். பிறகு, தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை வரிசையாக வைத்துச் சொல்லாக்குவார்கள். வாசிப்புக்கு முன்பே எழுத்து வந்துவிடுகிறது.

தமிழில் இதை அப்படியே எடுத்தாள முடியாது. ‘கல்’, ‘பகல்’ இரண்டிலும் ககரம் ஒன்றுதான், ஒலி வேறு. ‘கொடி’யில் எகரக் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, காதிலோ உயிர் பின்னால்தான் விழுகிறது. ஒலி வரிசையும் எழுத்து வரிசையும் இங்கே பிரிந்துவிடுவதால், கொம்பு வரும் எழுத்துகளைக் கடைசிக்கு ஒதுக்கி, ‘படம்’, ‘மரம்’, ‘பால்’ போன்ற சொற்களில் தொடங்குவதே நல்லது.

கணக்கில் முதல் கருவி எண்கோல்கள். 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை பத்துக் கோல்கள், சிவப்பும் நீலமும் மாறி மாறி. ஐந்து என்பது இங்கே ஒரே முழுப் பொருள். கதிர்ப்பெட்டியில் 0 முதல் 9 வரை எண்ணிட்ட அறைகளும் 45 கதிர்களும் (நூற்புக் கதிர் வடிவக் குச்சிகள்) உண்டு. எங்காவது எண்ணிக்கை பிசகினால் ஒன்பதாம் அறையில் கதிர் குறையும், அல்லது கையில் மிஞ்சும். தவற்றைப் பெட்டியே காட்டிக்கொடுக்கிறது. பூச்சிய அறை வெறுமையாக நிற்கும். ‘ஒன்றுமில்லை’ என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

பொன்மணிகளில் ஒரு மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி ஒரு பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தின் கனத்தைக் கையில் ஏந்தியே அறியலாம். இவை விலை கூடியவை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளும் வேலை செய்யும். ஆனால் நூறு என்பது பத்துக் கட்டுகளாகவே இருக்க வேண்டும், நூறு என்று எழுதிய அட்டையாக அல்ல.

பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, அங்கே ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார்.

‘மாண்டிசோரி’ என்ற பெயரை எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, கருவிகள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.