உப்பு மண்ணில் ஒட்டும் சதை

வானூரை அடுத்த மரக்காணம் உப்பளக் கரையைப் பார்த்திருப்பீர்கள். உப்பேறிய அந்த மண்ணில் ஒடித்து நட்ட கிளை கருகிவிடும். நல்ல நீரைக் கூடவே கொண்டுசென்றால்தான் பிழைக்கும். அறுவை மருத்துவத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு.

மண்டையோட்டின் அடித்தளத்தில் வளர்ந்த கட்டியை அகற்றினால், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே துளை விழலாம். அதை அடைக்காவிட்டால் மூளைநீர் கசியும். கிருமி புகுந்து மூளைக்காய்ச்சல் வரும்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்தனர். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1950களிலேயே கோபால்ட் கருவி வந்தது. கதிர் நோயை அழிக்கும். ஆனால் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களையும் ஆண்டுக்கணக்கில் சுருக்கிவிடும். அங்கே வெட்டியெடுத்து வைத்த சதைத் துண்டு ஒட்டாமல் போகலாம்.

இதற்கு வழி என்ன? பழைய வழிதான். புனேயில் நெற்றித் தோலை முழுதும் துண்டிக்காமல், கீழ்முனை ஒட்டியிருக்கத் திருப்பி மூக்கு அமைத்ததை 1794இல் லண்டன் இதழொன்று வெளியிட்டது. 2006இல் அர்ஜென்டினாவின் ஹதாத், பஸ்ஸகஸ்தெகி முதலிய மருத்துவர்கள், மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் தமனியோடு திருப்பித் துளையை மூடும் முறையை விவரித்தனர். அச்சவ்வும் கதிர்பட்டு நலிந்திருந்தால், உச்சந்தலைப் பக்கமுள்ள எலும்புச் சவ்வை இரத்த ஓட்டத்தோடு இறக்கி மூடுவர்.

எனவே, கதிர்ச் சிகிச்சை பெற்று இருபது ஆண்டு ஆகியிருந்தாலும், அறுவைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள். பழைய மருத்துவச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.