சிரிப்புக்கு ஒரு நிறுத்தற்குறி

1982 செப்டம்பரில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையினர் தங்கள் மின்னணு அறிவிப்புப் பலகையில் ஒரு புதிரை அலசிக்கொண்டிருந்தார்கள். கம்பி அறுந்து விழுகிற லிஃப்டுக்குள் எரியும் மெழுகுவர்த்தி என்ன ஆகும், ஒரு துளி பாதரசம் என்ன ஆகும் என்பது புதிர். நடுவில் ஒருவர், பரிசோதனை ஒன்றினால் இடப்பக்க லிஃப்டில் பாதரசம் படிந்துவிட்டது, தீயினால் சிறு சேதமும் உண்டு என்று, எச்சரிக்கை அறிவிப்பின் நடையிலேயே வேடிக்கையாக எழுதிப் போட்டார். சிலர் அதை மெய்யென்றே நம்பிவிட்டார்கள். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. நட்சத்திரக் குறி போடலாம் என்றார் ஒருவர். சதவீதக் குறி என்றார் இன்னொருவர். செப்டம்பர் 19 முற்பகல் 11.44 மணிக்கு அதே துறையைச் சேர்ந்த ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளியையும் சிறுகோட்டையும் அடைப்புக்குறியையும் சேர்த்து :-) என்று எழுதி, பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். அதே குறிப்பில் இரண்டாவதாக ஒன்றும் இருந்தது. வேடிக்கை அல்லாததைக் குறிப்பதே சிக்கனம் என்று :-( என்ற குறியையும் தந்தார்.

இந்த இரண்டாவது குறிதான் எனக்கு முக்கியமான சான்று. இன்று அதைச் சோகம் என்று படிக்கிறோம். ஃபால்மன் எழுதியபோது அதற்கு ‘இது வேடிக்கை அல்ல’ என்பதே பொருள். வாக்கியத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வேலை கேள்விக்குறியின் வேலை, வியப்புக்குறியின் வேலை. ஆகவே உணர்ச்சிக்குறியின் வரலாற்றைச் சித்திர எழுத்தின் வரலாற்றோடு சேர்ப்பதைவிட நிறுத்தற்குறிகளின் வரலாற்றோடு சேர்ப்பதே பொருத்தம் என்பேன். அப்படியானால் அதற்கு ஏன் முகம் என்று கேட்கலாம். நட்சத்திரக் குறிக்கும் சதவீதக் குறிக்கும் பொருளை முதலில் கற்றுக்கொடுத்தாக வேண்டும். சிரிப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முகம் அந்தக் குறியைப் பரவச் செய்தது, ஆனால் செய்த வேலை நிறுத்தற்குறியின் வேலைதான்.

ஃபால்மன் முதலாமவர் அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. 1881இலேயே அமெரிக்க நகைச்சுவை இதழான ‘பக்’, அச்செழுத்துகளைக் கோத்து மகிழ்ச்சி, துயரம், அலட்சியம், வியப்பு என நான்கு முகங்களை வெளியிட்டது. 1887இல் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் என்ற எழுத்தாளர் சிரிக்கும் வாய்போல வளைந்த நிறுத்தற்குறி ஒன்றை முன்மொழிந்தார். 1969இல் நாவலாசிரியர் நபகோவும் ஒரு நேர்காணலில் புன்னகைக்கென்று தனிக் குறி வேண்டும் என்றார். இவை அனைத்தும் உண்மை; இவற்றில் ஒன்றும் வழக்கில் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. அச்சில் வரும் எழுத்து நிதானமாக எழுதப்படுகிறது. பதிப்பாசிரியர் கையில் திருந்துகிறது. வாசகன் உடனே மறுமொழி தருவதில்லை. அங்கே அந்தக் குறி ஒரு விளையாட்டாகவே இருந்துவிட்டது. வலையமைப்பில் எழுத்து பேச்சின் வேகத்தில் ஓடியது, ஆனால் பேச்சுக்குத் துணையாக வரும் குரலும் முகமும் கூட வரவில்லை. 1982இன் புதுமை வடிவத்தில் இல்லை, தேவையில் இருந்தது.

நல்ல எழுத்தாளனுக்கு இந்த ஊன்றுகோல் எதற்கு என்பது வலுவான மறுப்பு. ஓலைச்சுவடிகளில் கேள்விக்குறியும் வியப்புக்குறியும் இல்லை. அவை அச்சோடுதான் தமிழுக்கு வந்தன. அவை இல்லாமலே தமிழ் நகையையும் வெகுளியையும் நுட்பமாகச் சொன்னது. ஆனால் சுவடியைப் படித்தவர் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, வாய்விட்டு ஓதிப் படித்தார்; தொனியை அந்தக் குரல் தந்தது. அவசரமாக நான்கு வரி தட்டி, முகம் தெரியாத நூறு பேருக்கு அனுப்புகிறவரிடம் காவிய நடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த நூறு பேரில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு கோபமாகப் பதில் எழுதினாலே போதும், மற்றவர்களின் பேச்சும் அதிலே மூழ்கிவிடும்.

குறி படமாக மாறியபோதுதான் சிக்கல் வந்தது. ஜப்பானில் 1980களிலேயே (^_^) என்று தலை சாய்க்காமல் படிக்கும் முகங்கள் தோன்றின. அவை வாயைவிடக் கண்ணால் பேசின. 1999இல் டோகோமோ என்ற கைப்பேசி நிறுவனத்துக்காக ஷிகெதகா குரிதா, பக்கத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட சதுரத்துக்குள் எமோஜி எனப்படும் 176 சிறு படங்களை வடிவமைத்தார். 2010இல், கணினி எழுத்துகளுக்குப் பொதுத் தரம் வகுக்கும் யூனிகோடு எமோஜிகளைத் தன் தரத்தில் பெருமளவில் சேர்த்தது. யூனிகோடு தருவது எண்ணும் பெயரும்தான். முகத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியபடி, ஒரு கருவியில் மகிழ்ச்சியாகத் தெரியும் முகம் இன்னொன்றில் பல்லைக் கடிப்பதாகப் படிக்கப்படுகிறது. ஒரே படத்தைப் பார்ப்பவர்கள்கூட ஒத்துப்போவதில்லை. குழப்பத்தைத் தீர்க்கப் பிறந்த குறி தானே குழப்பமானது.

அப்படியானால் இன்றைய எமோஜி படமேதான் என்று முடிவு கட்டலாமா? கனடாவின் சஸ்காட்சவான் நீதிமன்றம் 2023இல் தந்த தீர்ப்பு வேறு திசையைக் காட்டுகிறது. ஆளிவிதை கொள்முதல் ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, உறுதிசெய்யுமாறு கேட்ட வணிகருக்கு விவசாயி உயர்த்திய கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினார். ஒப்பந்தம் கிடைத்தது என்பதே அதன் பொருள் என்றார் விவசாயி. ஒப்புக்கொண்டார் என்றார் வணிகர். நீதிபதி அகராதியில் அந்தப் படத்துக்கு உள்ள பொருளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. முந்தைய ஒப்பந்தங்களுக்கு அதே விவசாயி ‘சரி’ என்ற அளவில் சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டுத் தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்பதையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலைக் கையொப்பமாகவே ஏற்றார். 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னார். விரலுக்குப் பொருள் தந்தது அது எந்த வாசகத்துக்குப் பின் வந்து நின்றது என்பதுதான்.