சேது மார்க்கத்துச் சிரமபரிகாரம்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து தனிவழி கொள்ளும் இடத்தை அடுத்திருக்கும் எங்கள் திருக்காட்டுப்பள்ளியின் பெயரை ஒருவர் சற்றே நின்று ஆராய்வாராயின், பள்ளி என்னும் அச்சொல், இன்று பிள்ளைகள் பயிலும் இடத்தையே பெரும்பாலும் குறிப்பதாயினும், முற்காலத்தில் படுக்கையையும், துயிலிடத்தையும், துறவிகள் ஒதுங்கியிருந்த உறைவிடத்தையும் குறித்து வழங்கியது என்பதை நினைவுகூர்வார். காட்டினிடையே தலைசாய்க்க ஓரிடம் என்று இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கொள்வதில் எனக்குத் தனிப்பட்ட ஒரு மகிழ்ச்சி உண்டு. திருவெண்காட்டுக்கு அருகே இதே பெயருடைய தலம் மற்றொன்று இருப்பதனால் அதனைக் கீழைத் திருக்காட்டுப்பள்ளி என்றும், சம்பந்தரும் அப்பரும் பாடிய அக்கினீசுவரர் கோயில் கொண்ட எங்கள் ஊரை மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்றும் வழங்குவது சைவ உலகின் மரபு.

கல்லணையைக் கடந்து காவிரியின் தென்கரையோடு கிழக்கே நடந்தவர்களுக்கு இவ்வூர் இயல்பாகவே ஒரு தங்குமிடமாக வாய்த்தது. ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்காக மயூரம் செல்வோரும், ஆடி அமாவாசைக்குத் திருவையாறு செல்வோரும், தஞ்சை சேர்ந்து அங்கிருந்து தெற்கே திரும்பிச் சேதுவை நோக்கி நடப்போரும் இக்கரையில் மூட்டையை இறக்கி வைத்து, ஆற்றில் முழுகி, சுவாமி தரிசனம் செய்து, ஈரவேட்டி உலரும் வரையில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருந்து போவார்கள். வந்தவர் யார் என்று விசாரிப்பதற்கு முன்பாக ஒரு செம்பு தண்ணீரை அவர் முன்னே வைத்துவிட வேண்டும் என்பது என் பாட்டியார் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. இவ்வாறு நடுவழியில் உடம்பையும் உள்ளத்தையும் ஆற்றிக்கொள்வதைப் பெரியவர்கள் சிரமபரிகாரம் என்றார்கள். பிரயாணத்தின் நடுவே வீணாய்ப் போன நேரமாக ஒருவரும் அதனைக் கருதவில்லை.

இந்தச் சொல் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நினைவுக்கு வந்த இடம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையமாகும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைக் காணத் திருச்சியில் விமானம் ஏறிய நான், 1981இல் திறக்கப்பெற்ற அந்த மாபெரும் நிலையத்தில், டிரான்சிட் என்று இக்காலத்தவர் வழங்கும் இடைத்தங்கலாக, அடுத்த விமானத்தை எதிர்பார்த்து ஏழு மணி நேரம் இருக்க நேர்ந்தது. சுற்றிலும் நம்முடைய பிரதேசத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! கழுத்தைத் தாங்கும் சிறு தலையணையோடு நாற்காலியில் உறங்குபவனும், தரைவிரிப்பில் துண்டை விரித்துக் கால் நீட்டியவனும், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை யாரும் பாராதபடி சுவரோரமாகத் திரும்பி உண்பவனுமாக அவர்களைக் கண்டபோது, இந்த நடுவழிக் காத்திருப்புக்கு நம் நாட்டில் எவ்வளவு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

அந்தச் சரித்திரத்தைக் கடற்கரையிலிருந்து தொடங்கலாம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பருவக்காற்றே கால அட்டவணையாக இருந்தது. காற்று திரும்பும் வரையில் மாதக் கணக்கில் துறைமுகத்தில் காத்திருப்பது வணிகனுக்கும் துறவிக்கும் விதிக்கப்பட்டதாயிருந்தது. ஏழாம் நூற்றாண்டின் சீன யாத்திரிகரான இத்சிங், தம் நாட்டுத் துறவி ஒருவர் கடாரத்திலிருந்து முப்பது நாள் கடலில் வந்து நாகப்பட்டினத்தை அடைந்து, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறியதைக் குறித்திருக்கிறார். அதே நாகையில், ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜயத்து மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் ஒரு புத்த விகாரம் எழும்ப, சைவனான சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான். ஹாலந்து தேசத்து லெய்டனுக்குச் சென்ற செப்பேடுகள் அதற்குச் சாட்சி. கடல் கடந்து வந்து காத்திருப்பவன் தன் தெய்வத்தைத் தன் முறையிலே தொழ ஓரிடம் வேண்டும் என்று ஓர் அரசு கருதியதை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். அந்த விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள்.

தரைவழியில் இந்தத் தர்மம் தன் முழு வடிவை எய்தியது தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்களில்தான். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து ராமேசுவரத்து இறைவனுக்கு அபிஷேகம் செய்வித்து, சேதுவின் மணலைக் கொண்டு மீண்டும் கங்கையில் சேர்ப்பதை ஜன்ம சாபல்யமாகக் கருதிய யாத்திரிகர்கள், தஞ்சையைத் தாண்டித் தெற்கே செல்லச் செல்ல, காவிரியின் கால்வாய்கள் குறைந்து, மரநிழலும் குடிநீரும் அரிதாகி, கடலோரத்து வெண்மணலில் கால் புதைய நடக்கவேண்டியிருந்தது. அந்த வழியில் ஒரத்தநாடு, ராஜாமடம், சேதுபாவாசத்திரம் என்று நடைக்கு எட்டிய தூரங்களில் சத்திரங்கள் எழுந்தன. அவற்றுள் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் உள்ளது யமுனாம்பாளின் பெயராலும், ஒரத்தநாட்டில் உள்ளது, இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரியவளாயிருந்து இளமையிலேயே மறைந்த முக்தாம்பாளின் பெயராலும் வழங்கின. இறந்த ஒருத்திக்குச் சலவைக்கல்லால் மாளிகை கட்டிய அரசனை உலகம் முழுவதும் அறியும். இறந்த ஒருத்தியின் பெயரால் முன்பின் அறியாதவர்க்கெல்லாம் சோறிட்ட அரசனைத் தஞ்சை ஜில்லாவுக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்?

1799ஆம் வருஷத்து உடன்படிக்கையினால் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பெனியாரிடம் போய்விட்ட பின்னர், சரபோஜி, தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு 1801இல் ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யம் போனதைப் பற்றியதன்று அது. சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்பதே அதன் பிரார்த்தனை. அவற்றில் நடைபெறும் தர்மங்களை அவர் அதில் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரையில், யோகிகள், ஜங்கமர், பைராகிகள் உள்ளிட்ட எல்லா யாத்திரிகருக்கும் அன்னம் இடப்படுகிறது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மிளகு முதலிய சாமான்களும் கொடுக்கப்படுகின்றன. நள்ளிரவு வரையில் இது நடந்து, பிறகு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ, உண்டாயின் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்படுகிறது. மேற்கொண்டு நடக்க இயலாதவர் இயலும்வரை அங்கேயே தங்கி உண்ணலாம். நான்கு வேதங்களுக்கும் நான்கு ஆசிரியர்களும், பள்ளி உபாத்தியாயர் ஒருவரும், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் சிகிச்சை அறிந்த வைத்தியர் ஒருவரும் சத்திரத்தில் உண்டு. வழியிலே நோயுற்று வந்தவருக்கு மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும் வரையில் மரியாதையோடு பேணுகிறார்கள். கர்ப்பிணி ஒருத்தி அங்கே பிரசவிக்க நேர்ந்தால், அதற்குரிய செலவெல்லாம் சத்திரத்தினுடையது. அதன்பின் மூன்று மாதம் அவள் தங்கியிருக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்டது பிறிதொரு செய்தி. யாத்திரையின் நடுவே பெற்றோரை இழந்த பிள்ளைகள் சத்திரத்து உபாத்தியாயரின் பராமரிப்பில் விடப்பட்டார்கள். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறும், உடுக்கத் துணியும், நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் கிடைத்தன. விரும்பிய வித்தையைக் கற்பித்து, அதில் தேர்ச்சி பெற்றபின் விவாகச் செலவையும் சத்திரமே ஏற்றது. தாயற்ற குழந்தைக்குச் சோறு போடலாம், துணி கொடுக்கலாம் என்பது எந்த நிர்வாகிக்கும் தோன்றும். அதன் தலைக்கு எண்ணெய் வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றுவதற்கு வீடு என்பது இன்னதென்று அறிந்த மனம் வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்காக நுழைந்த இடத்திலேயே ஒரு பிள்ளையின் இளமைப் பருவம் முழுவதும் கழிந்திருக்கிறது என்றால், அந்தத் தங்கலை எந்தக் கால அளவால் அளப்பது?

ஆயினும் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எல்லாருக்கும் அன்னம் உண்டு என்றாலும், எல்லாருக்கும் ஒரே பந்தி என்பது இல்லை; சாதிக்குச் சாதி இடமும் முறையும் வேறுபட்டே இருந்தன. பசித்தவனுக்குச் சோறிட்ட கையே அவன் உட்காரும் இடத்தையும் சுட்டிக்காட்டியது. இந்த வேற்றுமை சத்திரங்களோடு ஒழியாமல், பின்னர் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலும் குடிபுகுந்து, பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் தென்னிந்திய ரயில்வேயை விட்டு நீங்கியது.

ரயில் வந்ததும் காட்சி விரைவாக மாறியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், மறு வருஷம் தஞ்சையிலிருந்து திருச்சிக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட, எங்கள் ஊரார் பூதலூர் நிலையத்துக்கு மாட்டுவண்டி கட்டிச் சென்று ரயிலேறப் பழகினார்கள். 1914இல் பாம்பன் பாலம் முடிந்தபின், நடந்தே சேதுவுக்குச் செல்பவர் அருகிப் போனார்கள். ஆனால் அதே சேது மார்க்கத்தின் கோடியில் வேறொரு தங்கல் தோன்றியதை நாம் மறக்கலாகாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள், கடலைக் கடக்குமுன் மண்டபம் கேம்ப் என்னும் இடத்தில், காலராவையும் பிளேக்கையும் அஞ்சி, ஏறத்தாழ ஒரு வாரம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தப்பட்டு, துணிமணிகள் மருந்து நீரில் நனைக்கப்பட்டு, பெயரோடு எண்ணும் இடப்பட்டுக் கப்பலுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கும் அங்கே சோறு கிடைத்தது. ஆனால் நள்ளிரவில் மணியடித்து உண்ணாதவனைத் தேடிய இடத்துக்கும், எண்ணிக்கை தவறாதபடி ஆளைச் சரிபார்த்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு, நூறு வருஷத்தில் ஒரே பாதையில் நிகழ்ந்துவிட்டது என்பதை நினைக்க மனம் கனக்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலுக்காகக் காத்திருந்து, அதன் மேல்தளத்திலே பாய் விரித்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள்.

சாங்கியில் நான் கழித்த ஏழு மணி நேரத்தைப் பழைய யாத்திரிகர் முறைப்படியே செலவிட முயன்றேன். முதலில் முகம் கைகால் கழுவி வேட்டி மாற்றிக்கொண்டேன். கொண்டுபோன தயிர்ச்சோற்றை உண்டு, காலை உயர்த்தி நீட்டிப் படுப்பதற்கென்றே அமைத்திருக்கும் நாற்காலியில் ஒரு நாழிகை கண்ணயர்ந்தேன். பிறகு வண்ணத்துப் பூச்சிகளுக்கென்று அவர்கள் வளர்த்திருக்கும் தோட்டத்தில் வெகுநேரம் நின்றேன். நிலையத்தை ஒட்டி 2019இல் திறந்த கண்ணாடி மாளிகையில், நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி ஒன்று உண்டு என்றும், போதிய அவகாசம் உள்ள பிரயாணிகளுக்கு நகரையே இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றும் பக்கத்தில் இருந்த பட்டுக்கோட்டைப் பையன் சொன்னான். குளிர்ந்த குடிநீரும், தூய்மையும், வழிகேட்டால் எழுந்து வந்து காட்டும் பணிவும் அங்கே குறைவின்றி இருக்கின்றன, மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு குறை மட்டும் எனக்குப் பட்டது: பசியை அங்கே விலை கொடுத்தே ஆற்றவேண்டும். அந்தப் பையன் ஒரு தட்டுச் சோற்றின் விலையை நம் ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, பசிக்கவில்லை என்றான். என் தூக்கில் மீதமிருந்ததை அவனுக்குக் கொடுத்தேன்.

ஊர் திரும்பிய பின் ஒருநாள் ஒரத்தநாட்டுக்குச் சென்றேன். முகப்பிலே யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர்போல அமைந்த முக்தாம்பாள் சத்திரம், மராட்டியர் ஆட்சி முடிந்தபின் சர்க்கார் வசமாகி, பிற்காலத்தில் மாணவர் தங்கும் விடுதியாகவும் பயன்பட்டு, பிறகு சிதிலமுற்றது. அன்னம் பரிமாறிய கூடங்களின் சுவர்களில் அரசும் ஆலும் வேர்விட்டிருந்தன.

எனினும் வழிநடை முற்றிலும் நின்றுவிடவில்லை. எங்கள் ஊரை அடுத்த பூண்டி மாதா கோயிலில் தங்கி, அங்கிருந்து வேளாங்கண்ணிக்குச் செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்காகக் காவியுடுத்தி நடந்து செல்பவர்கள், ஆகஸ்டு மாதக் கடைசியில் இப்பக்கத்துச் சாலைகளை நிறைத்துவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் கீற்றுப் பந்தல் இட்டு, நீர்மோரும் கஞ்சியும் ஊற்றுகிறார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. சென்ற வருஷம் அப்படியொரு பந்தலில், கால் கொப்புளத்தோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் அருகே ஒரு சிறுமி வந்து நின்று, பேர் என்ன, ஊர் எது என்று ஒன்றும் கேளாமல், “அத்தை, தண்ணி” என்று செம்பை நீட்டினாள்.