காணும் பொங்கலுக்கு பீச் போறீங்களா? அதே மணலுக்கு இரவில் வரும் ஆமைகளைப் பற்றியும் தெரிஞ்சுக்கோங்க!

காணும் பொங்கல் என்றாலே சென்னைவாசிகள் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பீச்தான். கட்டுச்சோறு, சுண்டல், மிளகாய் பஜ்ஜி என்று குடும்பம் குடும்பமாக மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆனால், ஜனவரி மாதத்தில் இந்த மணலுக்கு இன்னொரு விருந்தாளியும் வருகிறது. அதுதான் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடல் ஆமை.

நாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நள்ளிரவில் அது கரையேறும். அப்போது மணலில் என்ன கிடக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆமைகள் எப்போது, எங்கே வருகின்றன?

சென்னை கடற்கரையில் பொதுவாக ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை முட்டையிடும் காலம். பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் பகுதிகளில் ஆண்டுதோறும் முட்டைகள் கிடைக்கின்றன. பெண் ஆமை இரவில் கரையேறி, பின்னங்கால் துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். அதில் 100க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டு கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளைப் பார்க்க அது மறுபடி வராது.

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். நாய்களும் மனிதர்களும் முட்டைகளைக் கலைத்துவிடாமல் இருக்க, வனத்துறையும் தன்னார்வலர்களும் அவற்றைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகங்களில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு என்ற குழு 1988 முதல் சென்னைக் கடற்கரையில் இரவு நேர ஆமை நடை நடத்தி வருகிறது.

போன் டார்ச் அடித்தால் என்ன ஆகும்?

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. குப்பை அளவுக்கு வெளிச்சமும் ஆபத்துதான்.

இருட்டான கடற்கரையில் நிலவொளியும் நட்சத்திர ஒளியும் பட்டு, கடல் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும். குஞ்சுகள் அந்த வெளிச்சத்தை நோக்கித்தான் ஊர்ந்து போகும். கரைப் பக்கம் தெரு விளக்கு, கடை விளக்கு, போன் டார்ச் எல்லாம் எரிந்தால் அவை குழம்பி ரோட்டை நோக்கிப் போய்விடும். வெளிச்சத்தையும் ஆட்களையும் பார்த்தால், முட்டையிட வந்த தாய் ஆமையும் முட்டையிடாமலேயே திரும்பிவிடலாம்.

பிளாஸ்டிக் கவர் ஆமையை எப்படி கொல்கிறது?

இறால், நண்டு, ஜெல்லி மீன் போன்றவை இந்த ஆமைகளின் உணவு. தண்ணீரில் மிதக்கும் கேரி பேக் பார்ப்பதற்கு ஜெல்லி மீன் மாதிரியே இருக்கும். கடல் ஆமையின் தொண்டைக்குள் உள்நோக்கி வளைந்த முட்கள் போன்ற அமைப்பு உண்டு. பிடித்த இரை நழுவாமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. அதனாலேயே, விழுங்கிய கவரை அதனால் எளிதில் வெளியே தள்ள முடியாது. கவர் குடலை அடைத்துக்கொண்டால் ஆமை இரை எடுக்க முடியாமல் இறந்துபோகும்.

'நான் கடலில் போடலையே, மணலில்தானே போட்டேன்' என்று சொல்லலாம். அலை ஏறும்போது மணலில் கிடப்பதும் கடலுக்குள் போய்விடும்.

ஆமைகள் சாவதற்கு குப்பை மட்டும்தான் காரணமா?

இல்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. வலையில் சிக்கி மூச்சுத் திணறியதே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அதனால் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைல் தூரத்துக்குள் விசைப்படகுகள் இழுவலை போட, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் தடை இருக்கிறது.

அந்தத் தடையைச் செயல்படுத்துவது அரசின் வேலை. குப்பை, வெளிச்சம், கூட்டம் ஆகிய மூன்றும் பீச்சுக்கு வருகிற நம் பொறுப்பு.

பீச்சுக்குப் போகும்போது என்ன செய்யலாம்?

* வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர் கொண்டுபோங்க. குப்பைக்கு என்று தனியாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்க. குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால், பையை வீட்டுக்கே எடுத்து வந்துவிடலாம்.

* 'பேப்பர் கப்தானே' என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், ஸ்ட்ரா, கேரி பேக் எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சுண்டலைப் பேப்பர் பொட்டலத்தில் வாங்குங்க, இல்லைன்னா வீட்டு டப்பாவை நீட்டுங்க.

* சிகரெட் துண்டின் பஞ்சு, பஞ்சு அல்ல. பெரும்பாலும் அதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். மணலில் புதைக்காதீங்க.

* பலூன் சுடும் கடையில் வெடித்த பலூன் துண்டுகள், பட்டம் அறுந்த நூல் கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்க.

* குழந்தைகள் தோண்டிய குழியை மூடிவிட்டுக் கிளம்புங்க. உள்ளங்கைக்குள் அடங்கும் ஆமைக் குஞ்சுக்கு அது பெரிய பள்ளம்.

* மணலில் படர்ந்து ஊதா நிறத்தில் பூக்கும் கொடியைப் பிடுங்காதீங்க. சங்க இலக்கியம் நெய்தல் நிலத்தோடு சேர்த்துச் சொல்லும் அடும்பு அதுதான். காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைப்பது அதன் வேர்கள்.

ஆமையைப் பார்த்துவிட்டால்?

டார்ச்சையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்க. ஆமைக்கு முன்னால் போய் நிற்காமல், பின்பக்கமாக விலகி அமைதியாக இருங்க. தொடுவது, மேலே ஏறுவது, குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுப்பது எதுவுமே கூடாது. பக்கத்தில் உள்ள வனத்துறை ஊழியர் அல்லது ஆமை நடை தன்னார்வலருக்குத் தகவல் சொல்லுங்க.

குஞ்சுகளைப் பார்த்தால், தூக்கிக்கொண்டு போய் தண்ணீரில் விடாதீங்க. வளர்ந்த பெண் ஆமைகள் முட்டையிடத் தாம் பிறந்த கடற்கரைப் பகுதிக்கே திரும்பி வருகின்றன. மணலில் ஊர்ந்து கடலுக்குள் இறங்கும் அந்த முதல் பயணத்திலேயே அந்த இடம் அவற்றுக்குப் பதிவாகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோட்டுப் பக்கம் போனால், கரை வெளிச்சத்தை மறைத்து நின்றபடி உடனே தகவல் கொடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்ல, முட்டையை எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். இதற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

பீச்சிலிருந்து கிளம்பும் முன், உட்கார்ந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்க. இன்னும் சில மணி நேரத்தில் ஓர் ஆமை அதே இடத்துக்கு வரக்கூடும்.