ஒஸ்தா மாமாவின் கல்லும் கத்தியும்



ஹாலிஎல, பதுளைப் பக்கத்துச் சலூன்களில் வேலை செய்யும் தம்பிமார் சவரத்துக்கு ஓர் அலகை இரண்டாக உடைத்துப் பிடியில் செருகுகிறார்கள். வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். சுகாதாரத்துக்கு அதுதான் சரி. ஆனால் ஒரே கத்தியை வருடக்கணக்கில் கல்லில் தீட்டித் தீட்டிப் பாவித்த மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களுடைய கைத்தொழிலைப் பற்றியும், அவர்களை நாம் நடத்திய விதத்தைப் பற்றியும் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் மூத்தவர்கள் அவரை "ஒஸ்தா மாமா" என்றார்கள். பிறந்த பிள்ளைக்கு முடி களைவதும், மகனுக்கு சுன்னத் செய்வதும், மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதும் அவரே. அவருடைய மனைவி ஒஸ்தா மாமி. மருத்துவிச்சி வேலை பார்த்த ஒஸ்தா மாமிமாரும் உண்டு. தோட்டப்பக்கம் போனால் தமிழ்ச் சகோதரர்களிடம் இதே வேலையைச் செய்தவருக்குக் குடிமகன், பண்டிதர் என்று பெயர். சலவைக்கும் முடிவெட்டுக்கும் என்று தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு தொகை கழிக்கும் வழக்கமே தோட்டங்களில் இருந்தது. அவ்வளவு தேவைப்பட்ட தொழில் இது.

பெயர்களைக் கவனியுங்கள். ஒஸ்தா என்பது "உஸ்தாத்" என்ற சொல்லின் மருவல் என்பார்கள். உஸ்தாத் என்றால் ஆசான். யாழ்ப்பாணத்தில் இவர்களுக்குப் பரியாரி என்று பெயர், அதாவது வைத்தியர். தமிழ்நாட்டில் மருத்துவர். பண்டிதர் என்றால் கற்றவர். எல்லாமே படித்தவருக்கு உரிய பெயர்கள்.

அப்படி என்ன படிப்பு? கல்லில் கத்தி தீட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சவரக்கத்தியின் முதுகு தடிப்பானது. இரு பக்கமும் உள்வாங்கி, வாய் மெல்லியதாக முடியும். கல்லில் கிடத்தும்போது முதுகும் வாயும் ஒன்றாகப் படிய வேண்டும். எந்தச் சரிவில் தீட்டுவது என்பதை அந்த முதுகின் தடிப்பே தீர்மானிக்கும். கல்லை நனைத்து, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். கல்லின் முடிவில் கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை தீட்டியது வீண். அழுத்தவே கூடாது, கத்தியின் பாரம் போதும். முதலில் கரடான கல், பிறகு நைசான கல். அளவுக்கு மிஞ்சித் தீட்டினால் வாயில் பிசிறு விழும், அது தோலைக் கீறும். கடைசியில் தோல் வாரில் தீட்டும்போது எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. வாய் முன்னே போனால் வாரே வெட்டுப்படும். வார் இல்லாதபோது சிலர் தங்கள் உள்ளங்கையிலேயே தீட்டிக்கொண்டார்கள்.

கல்லையும் பராமரிக்க வேண்டும். நாள் போகப் போக அதன் நடு குழியும். குழிந்த கல்லில் கத்தி சமமாகப் படியாது. அதனால் இன்னொரு கல்லோடு உரசி மட்டமாக்கிக் கொள்வார்கள். இவற்றில் எதையும் சொல்லிக் கொடுத்து மட்டும் பழக்க முடியாது. கல்லில் கத்தி எழுப்பும் சத்தமும் கையில் படும் பிடிப்பும் மாறுவதைக் கொண்டே கூர் வந்துவிட்டதா என்று அறிய வேண்டும். அதற்கு ஒரு பெரியவரின் பக்கத்தில் நெடுநாள் இருக்க வேண்டும்.

முடியை விடச் சுமார் 50 மடங்கு கடினமான இரும்பு ஏன் முடி வழித்தே மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தேடிப்பார்த்தார்கள். முடி வளையும்போது கத்தியின் வாயில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்று 2020 இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் ஒஸ்தா மாமா கத்தியை வாரில் இழுத்தது சும்மா பழக்கத்துக்காக அல்ல.

இரும்பின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நம் மலைகளின் தெற்குச் சரிவில், பெலிஹுல்ஓயாவுக்கு அருகே சமனலவெவயில், தென்மேல் பருவக்காற்றின் வேகத்தாலேயே உலை மூட்டி உருக்கு எடுத்திருக்கிறார்கள். கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான அந்த உலைகளை ஆராய்ந்த கில் ஜூலெஃப் தன் முடிவுகளை 1996 இல் "நேச்சர்" சஞ்சிகையில் எழுதினார். 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் இரும்பையும் குறிப்பிடுகிறார். பின்னாளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜேர்மனியின் ஸோலிங்கன் நகரங்கள் சவரக்கத்திக்குப் பேர் பெற்றன.

கல்லுக்கும் ஊர் உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல்லில் கண்ணுக்குத் தெரியாத கார்னட் மணிகள் நிறைந்திருக்கும். நம் மாணிக்க வியாபாரிகள் கோமேதகம் என்று விற்பதும் கார்னட் இனம்தான். 1891 இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின்சார உலையில் கார்பரண்டம் செய்த பிறகு செயற்கைக் கல் மலிந்தது. 1954 இல் சென்னையில் முருகப்பா குழுமமும் அதற்கு ஒரு நிறுவனம் தொடங்கியது.

தீட்டும் தொழிலுக்கு முதல் அடி 1903 இல் விழுந்தது. அந்த வருடம்தான் கிங் ஜில்லெட் கழற்றி எறியும் அலகை விற்கத் தொடங்கினார். முதல் வருடத்தில் விற்றது 51 சவரக் கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே. பிறகு உலகமே அதன் பக்கம் போனது. 1980களில் எயிட்ஸ் அச்சம் வந்தபின், பலருக்கு ஒரே கத்தி என்ற வழக்கமும் போனது. சுன்னத் டாக்டரிடம் போனது. ஒஸ்தா மாமாவின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனார்கள்.

தொழில் போனதில் நமக்கு வருத்தம் இல்லை. தொழில் போன பிறகும் தாழ்வு போகவில்லை என்பதுதான் வருத்தம். கிழக்கிலே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, முஸ்லிம்களிடையே ஒஸ்தா குடும்பங்கள் தனியே வைக்கப்பட்டதையும், மற்றவர்கள் அவர்களோடு சம்பந்தம் செய்யத் தயங்கியதையும் எழுதியிருக்கிறார். அது கிழக்கோடு நிற்கவில்லை. "அவங்க ஒஸ்தா குடும்பம்" என்று ஒருவர் காதோடு சொல்ல, அதோடு நின்றுபோன கலியாணப் பேச்சுகள் நம் பக்கமும் உண்டு. வகுப்பறையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அதன் மூத்தாப்பாவின் தொழிலைச் சொல்லிச் சீண்டுவதை ஆசிரியர்களாகிய நாம் காதால் கேட்கிறோம். அந்தச் சொல்லைப் பிள்ளை பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டில்தான் கேட்டிருக்கும்.

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் தம் முபாரக்கான தலையை ஒருவர் கையில் கொடுத்து முடி களைந்தார்கள். அவர் மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) என்பது பிரபலமான கருத்து. இரத்தம் குத்தி எடுத்த அபூ தைபா (ரழி) அவர்களுக்குக் கூலி கொடுக்கச் சொன்னதாக புகாரியில் வருகிறது. அதே வேலை செய்த அபூ ஹிந்த் (ரழி) அவர்களுக்குப் பெண் கொடுக்கும்படியும், அவரிடம் பெண் எடுக்கும்படியும் பனூ பயாழா கோத்திரத்தாருக்கு நபியவர்கள் ஏவியதை அபூதாவூதில் காணலாம். கொடுக்கவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அறுக்கும் கத்தியைக் கூராக்கி, பிராணியின் வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் இது. அந்த இரக்கத்தைக் கல்லில் உழைத்துக் காட்டியவர் ஒஸ்தா மாமா. நம் வாப்பாமார் அழுத நாளில், அந்த அழுகை சீக்கிரம் அடங்கியதில் அவருடைய கூர்க் கத்திக்கும் பங்குண்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊரில் தீட்டத் தெரிந்த ஒரு பெரியவர் இன்னும் இருந்தால், அவரிடம் போய் இருந்து கேளுங்கள். என்ன கல், யாரிடம் பழகினார், எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பிள்ளைகளை விட்டு எழுதி வையுங்கள். அவருக்கு ஸலாம் சொல்லி, உஸ்தாத் என்றே கூப்பிடுங்கள். அடுத்தது, வீட்டில் கலியாணப் பேச்சு வரும்போது, பையனின் தீனையும் குணத்தையும் விசாரியுங்கள். மூத்தாப்பாவின் தொழிலை விசாரிக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்து ஒஸ்தா மாமா, பரியாரி, பண்டிதர் பற்றித் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோருடைய உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.