இலவச ஆன்டிவைரஸின் விலை

1988ம் வருடம், பிராக் நகரம். பாவெல் பவுடிஷ் என்ற ஆராய்ச்சியாளர் கையில் கிடைத்த ஒரு ஃப்ளாப்பியில் 'வியன்னா' என்ற வைரஸ் இருந்தது. அதை அழிக்க அவரே ஒரு நிரல் எழுதினார். பிறகு நண்பர் எட்வர்ட் குசேராவுடன் சேர்ந்து அதையே தொழிலாக்கினார். 'அவாஸ்ட்' பிறந்த கதை இதுதான்.

2001ல் வீட்டு உபயோகத்துக்கு அவாஸ்ட் இலவசமானது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். உலகம் முழுக்கப் பல கோடிக் கணினிகளில் அது இடம் பிடித்தது. அவர்களில் சிலர் பின்னர் கட்டணப் பதிப்பையும் வாங்கினார்கள். இதுவரை நியாயமான வியாபாரம்தான்.

ஆனால் காவலுக்கு வந்தவன் வீட்டுக்குள் எல்லாவற்றையும் பார்க்கிறான் அல்லவா? ஒரு இணையதளம் ஆபத்தானதா என்று சோதிக்க, அதன் முகவரி அவாஸ்ட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். நோய், கடன், மதம், அரசியல் என்று ஒருவர் தேடியதெல்லாம் அந்த முகவரிகளில் இருக்கும்.

2013ல் 'ஜம்ப்ஷாட்' என்ற நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கியது. 2014 முதல் இந்த விவரங்கள் அதன் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. "பெயரை நீக்கிவிட்டோம்" என்றார்கள். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தனி அடையாள எண் இருந்தது; நேரமும் துல்லியமாக இருந்தது. அந்த நொடியில் தன்னிடம் பொருள் வாங்கியவர் யார் என்று ஒரு ஆன்லைன் கடைக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும்... அந்த எண்ணுக்கு உரியவரின் பெயர் கிடைத்துவிடும், கூடவே அவர் போன மற்ற தளங்களின் பட்டியலும்!

2020 ஜனவரியில் இரண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டு வந்தன. சில நாட்களிலேயே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அதற்குள் அங்கே சேர்ந்திருந்த விவரம் 8 பெட்டாபைட்டுக்கும் மேல். 2024ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கவும் தடை விதித்தது.

அந்தப் பணத்தில் இழப்பீடு கேட்கும்படி 2025ல் பயனர்களுக்கு அறிவிப்பு போனது. யாருக்குத் தெரியுமா? காசு கொடுத்து அவாஸ்ட் வாங்கியவர்களுக்கு!

இலவசமாகப் பயன்படுத்தியவர்களும் விலை கொடுத்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கொடுத்த விலைக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத பொருளுக்குப் பணம் திரும்பக் கேட்க முடியாது. அடுத்த முறை 'இலவசம்' என்ற பொத்தானை அழுத்தும்போது இது நினைவில் இருக்கட்டும்.