கரிசல் மண்ணில் ‘மஞ்சள் கடுதாசி’: நொடிப்பு மனுவுக்கு வழக்கறிஞரை அமர்த்தும் முன்

‘நொடித்துப்போனான்’ என்ற சொல்லுக்குக் கரிசல் வட்டாரத்தில் விளக்கம் தேவையில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என விரியும் மானாவாரி நிலத்தில், போட்ட முதலைத் திருப்பித் தருவது வடகிழக்குப் பருவமழைதான். மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் கருகுகின்றன. அறுவடை நேரத்தில் பெய்தால் அதே பயிர் செடியிலேயே முளைவிடுகிறது. பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் தம் பெயரில் இல்லாத தலித் குத்தகையாளருக்கும் கூலித் தொழிலாளருக்கும் வங்கிப் பயிர்க்கடன் எட்டுவதில்லை. எஞ்சியிருப்பவை தண்டல், மீட்டர் வட்டி, மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன், தீப்பெட்டி ஆலையிலோ செங்கல் சூளையிலோ வாங்கும் முன்பணம் ஆகியவையே.

கடன் கைமீறும்போது ‘ஐ.பி. கொடுத்துவிடலாம்’ என்ற யோசனையை யாரேனும் சொல்கிறார்கள். ஐ.பி. என்பது நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் நொடிப்பு மனு. ஊர் வழக்கில் மஞ்சள் கடுதாசி. இதுவரை இவ்வழியைப் பெரிதும் அறிந்திருந்தவர்கள் வணிகர்களும் சீட்டு நடத்தியவர்களுமே. சொத்துடையவர் இதைக் கையாண்டால் சாமர்த்தியம் என்றும், கூலிக்காரர் நினைத்தாலே நாணயக்கேடு என்றும் பேசப்படுவது சாதியச் சமூகத்தின் இரட்டை அளவுகோல். சட்டத்தின் பார்வையில் இது கடனாளியின் உரிமை. ஆயினும் எல்லாக் கடனுக்கும் இது மருந்தன்று. எந்தக் கடனுக்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதல் சந்திப்பிலேயே பிரித்துச் சொல்பவரே நமக்குத் தேவையான வழக்கறிஞர்.

நூறாண்டுப் பழைய சட்டம்

2016இல் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பை இயற்றியபோது, அதன் மூன்றாம் பகுதியில் மிக வறியவர்களுக்கென ஒரு நடைமுறையைச் சேர்த்தது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கும், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவர் கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பது அதன் சாரம். அப்பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களைப் பொறுத்த அளவில் மட்டுமே. தொழிலதிபரின் உத்தரவாதத்துக்குத் திறந்த கதவு, கூலித் தொழிலாளியின் 35,000 ரூபாய்க்குத் திறக்கவில்லை.

ஆகவே கோவில்பட்டிக்காரருக்கு இன்றும் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. சென்னை நகருக்கு மட்டும் 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது. கடனைத் தீர்க்க இயலாத நிலையில், 500 ரூபாய்க்குக் குறையாத கடன் உள்ளவர், பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காகக் கைதானவர், சொத்து ஜப்திக்குள்ளானவர் ஆகியோர் மனுச் செய்யலாம். தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும்; இவ்வட்டாரத்தாருக்குக் கோவில்பட்டி சார்பு நீதிமன்றம். கடன்கள், கடன் கொடுத்தோரின் பெயர், முகவரி, தம் சொத்து அனைத்தையும் உறுதிமொழியுடன் எழுதித் தர வேண்டும். கடனைத் தீர்க்க இயலவில்லை என்பதற்கு முதல்நோக்குச் சான்றே கடனாளிக்குப் போதுமானது.

மனுக் கொடுத்த அன்றே வசூல்காரர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள் என்பது பரவலான தவறான நம்பிக்கை. அமெரிக்காவில் மனு பதிவானவுடன் வசூல் நடவடிக்கைகள் தாமாகவே தடைபடும். இங்கோ நீதிமன்றம் ‘நொடித்தவர்’ என்று ஆணை பிறப்பித்த பின்னரே அந்தக் கடன்களுக்காகத் தனித்தனியே வழக்குத் தொடுப்பது தடைபடுகிறது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமெனில் அதற்கும் தனியே ஆணை கேட்க வேண்டும். கைது அச்சத்தைக் காட்டியே மனுப் போடத் தூண்டுவோர் உண்டு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறையிலடைக்கக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு ஆண்களுக்கும் துணை நிற்கிறது.

ஆணைக்குப் பின் கடனாளியின் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் பொறுப்புக்குச் செல்லும். விவசாயியோ தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு, உழவுக் கருவி, உழவு மாடு, விதை, கைவினைஞரின் கருவிகள் முதலிய ஜப்தி செய்யக்கூடாத பொருள்கள் சேரா. நகையை அடகு வைத்தவருக்கோ நிலத்தை அடமானம் வைத்தவருக்கோ பயன் குறைவு. ஈடு பெற்றவரின் உரிமையை இச்சட்டம் தொடுவதில்லை. காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கும் நிற்காது.

கடனா, கொத்தடிமைத்தனமா?

கரிசலில் ‘கடன்’ என்ற பெயரில் வருவனவற்றில் கணிசமானவை சட்டத்தின் பார்வையில் கடனே அல்ல. முன்பணத்துக்காகக் குடும்பமே ஆலையிலோ சூளையிலோ கட்டுண்டு உழைத்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அக்கடன் அழிந்துவிட்டது. அதைக் கோரி வழக்குத் தொடுக்கவே முடியாது. அங்கே போக வேண்டிய இடம் சார்பு நீதிமன்றம் அன்று, கோவில்பட்டிக் கோட்டாட்சியர் அலுவலகம். பெற வேண்டியது விடுதலைச் சான்றிதழ். கட்டாய உழைப்பு என்று தெரியவந்தால், அது முன்பணத்துக்கு ஈடாகவே பெறப்படுகிறது என்று ஊகிக்க வேண்டும் என 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்டவர் தலித்தாகவும் கட்டுவித்தவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும்.

கந்துவட்டியும் அவ்வாறே. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வசூலிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை. கடனாளி, முறையான வட்டியுடன் தொகையை நீதிமன்றத்தில் செலுத்திக் கணக்கை முடிக்கவும் வழியுண்டு. சட்டம் இருந்தும், பலமுறை மனுக் கொடுத்த கூலித் தொழிலாளி ஒருவர் 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் தீக்கிரையானதை நாம் மறக்கவில்லை.

இங்கேதான் வழக்கறிஞரின் திறமை தெரியும். 20,000 வாங்கியவரிடம் வெற்றுப் புரோநோட்டில் கையொப்பம் பெற்று இரண்டு லட்சம் என எழுதிக்கொண்டவர் இருக்கிறார். நொடிப்பு மனுவின் பட்டியலில் அந்த இரண்டு லட்சத்தை அப்படியே எழுதினால், கடனாளியே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில் இருந்த கடனுக்கு அந்த எழுத்தே புத்துயிர் கொடுக்கக்கூடும். உண்மையில் பெற்ற தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மறுக்கப்படும் தொகை எது என்று பிரித்தெழுத வேண்டும். பட்டியலை வாசித்துக் காட்டாமல் கையொப்பம் கேட்கும் வழக்கறிஞரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனில் சிக்கல் வேறுவிதமானது. நொடித்தவர் விடுவிக்கப்பட்டாலும், அவருடன் கூட்டாகப் பொறுப்பேற்றவரும் ஜாமீன் நின்றவரும் விடுபடுவதில்லை. ஒரு பெண் ஐ.பி. கொடுத்தால் அவர் தவணை அதே தெருவின் மற்றப் பெண்கள் தலையில் விழும். குழுவாகச் சென்று தவணை மாற்றியமைப்பைக் கோருவதே இங்கு முதல் வேலை. குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் பாதியை மிஞ்சக் கூடாது என்பதும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது என்பதும் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகள். இரவு ஏழு மணிக்கு வீட்டு வாசலில் உட்காரும் முகவரிடம் இதைச் சொல்லப் பெண்கள் தயங்க வேண்டியதில்லை.

வழக்கறிஞரைத் தேடுதல்

பட்டியல் சாதியினர் எவரும், வருமான வரம்பு இன்றி, இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இவ்வுரிமையை அளிக்கிறது. எச்சாதிப் பெண்ணுக்கும் அது உண்டு. கோவில்பட்டி நீதிமன்றத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். குழு அமர்த்தும் வழக்கறிஞர் மனுதாரரிடம் பணம் பெறக் கூடாது. கடன் வாங்கி வக்கீல் கட்டணம் கட்டும் அவலத்தைத் தவிர்க்க இது ஒன்றே போதும். ஆனால் வட்டிக்காரரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இக்குழுவைப் பற்றி நம் தெருக்களில் தெரிந்திருக்கவில்லை.

சொந்தமாக அமர்த்துவோர் முதலில் கேட்க வேண்டியது, கடன் கொடுத்தவருக்கோ அவருடைய பைனான்சுக்கோ இவ்வழக்கறிஞர் முன்பு ஆஜராகியிருக்கிறாரா என்பது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யத் தடை இருப்பதால் அறிமுகங்கள் வழியாகவே வழக்கறிஞர் கிடைக்கிறார். சிறு நகரத்தில் அந்த அறிமுகத்துக்குச் சாதியும் வட்டித் தொழிலும் இடைநிற்பது அரிதன்று. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. முன்பு ஐ.பி. வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. கிடைப்பதில் பங்கு என்ற பேச்சுக்கே விதிகளில் இடமில்லை. நிரப்பாத வக்காலத்தில் கையொப்பமிடாமல், பட்டா போன்ற அசல் ஆவணங்களை எழுத்து வாங்காமல் கொடுக்காமல் இருப்பது முக்கியம்.

சொத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு மனுப் போடலாம் என்று யோசனை சொல்பவரை நம்பக் கூடாது. முந்தைய இரண்டாண்டுக்குள் தக்க விலை பெறாமல் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். மறைத்ததற்குச் சிறையும் உண்டு. நிலம் பஞ்சமி நிலமாக இருந்தால் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டியல் சாதியினர் அல்லாதாருக்கு அதை மாற்ற ஒப்படை நிபந்தனைகள் இடந்தருவதில்லை என்பதால் ரிசீவரின் விற்பனைக்கும் அது தடையாக எழுப்பப்பட வேண்டிய வாதம்.

இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: நொடித்தவராக அறிவிக்கப்பட்டவர் உள்ளாட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழக்கிறார், விடுவிக்கப்படாதவரை அரசமைப்பின் 102, 191ஆம் உறுப்புகள் நாடாளுமன்ற, சட்டமன்றப் பதவிகளிலிருந்தும் விலக்குகின்றன. தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கக்கூடிய ஒருவரை ஐ.பி. கொடுக்கத் தூண்டுவது யார் என்று பார்க்க வேண்டியிருக்கும். தகுதியை மீட்பதற்கும் கடன் சுமை நீங்குவதற்கும் ‘நொடித்தவர்’ என்ற ஆணை மட்டும் போதாது. அவ்வாணையில் குறிக்கப்படும் காலத்துக்குள் விடுவிப்பு கோரி இன்னொரு மனுச் செய்ய வேண்டும். தவறினால் முதல் ஆணையே நீக்கப்பட்டு, கடன் கொடுத்தோர் மீண்டும் வாசலுக்கு வருவர். அந்த இரண்டாம் மனுவும் பேசிய கட்டணத்தில் அடங்குமா என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.